தாளைத் திருப்ப வேண்டிய இடம்

ரோவீனாவின் மேல் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள், தெரியும். பெற்ற மகள் திர்சாவுக்குப் பதினோரு வயதாகியும் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அதைக் கட்டின கணவனிடமே மறைத்து வைத்திருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? போன வாரம் நாத்தனார் நாடீன் அதைக் கையும் களவுமாகக் கண்டுபிடித்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிருங்க அண்ணி. இல்லேன்னா நான் சொல்லிருவேன்" என்று சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனபோது, பாதிப் பேர் நாடீன் கட்சியில் சேர்ந்திருப்பீர்கள்.

சேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமையையும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

காலையில் ரோவீனா வாழைப்பழ ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். வாஷிங்டனிலிருந்து தொகுதி எம்.பி. லைல் பிக்கெட் வருகிறார். அவர் கொண்டுவந்திருக்கும் மசோதா வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லப்போகிறார்கள் இந்த ஊர்ப் பெண்கள். எதிர்த்துப் பேசப் போகிறவர்கள் எதற்கு ரொட்டி சுட வேண்டும் என்று கேட்காதீர்கள். மிசௌரியின் இந்த மூலையில் சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

இத்தனைக்கும் பிக்கெட் எதிரி இல்லை. இவர்களே ஓட்டுப் போட்டு அனுப்பிவைத்த ஆள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த மசோதாவை எழுதினார். புத்தகச் செலவை வாஷிங்டன் கொடுக்கும். படிப்பில் பின்தங்கின பிள்ளைக்குத் தனியாக ஒரு ஆசிரியர் வேண்டுமென்றால் அந்தச் செலவையும் கொடுக்கும். பதிலுக்கு, பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், வருஷத்துக்கு ஒரு தரம் பரீட்சை எழுத வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானில்தான் ஊரே தீப்பிடித்தது. "இன்னைக்குக் கொடுக்கிற கைதான் நாளைக்குக் கதவைத் தட்டும். எங்க சாப்பாட்டு மேஜையில வாஷிங்டனுக்கு நாற்காலி கிடையாது" என்று ரோவீனா உள்ளூர் வானொலியில் பேசினாள். தொலைபேசிச் சங்கிலியைக் கட்டியதும் அவள்தான். அவள் ஐந்து பேரைக் கூப்பிடுவாள், அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேரை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாவட்டத்தில் ஒரு வீடு பாக்கியிருக்காது. இரண்டு வாரமாக பிக்கெட்டின் ஆபீஸில் வேறு எந்த அழைப்பும் உள்ளே நுழைய முடியவில்லை என்று பேச்சு.

இன்றைக்குத் தொலைபேசி அவள் வீட்டில் அடித்தது. பெகி உல்ரிச். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய்மார் சங்கத்தில் எல்லாருக்கும் மூத்தவள், ஒன்பது பிள்ளை பெற்றவள், குரலிலேயே வேலை வாங்கிவிடுவாள்.

"ரோவீனா, நம்ம கதை கெட்டுது போ. மத்தியானம் அறிக்கை வாசிக்க இருந்த லோயிஸுக்கு ராத்திரியிலேருந்து சின்னம்மை. மூஞ்சியெல்லாம் பொரிஞ்சு கிடக்கு."

"ஐயோ. அப்ப அறிக்கையை யாரு படிக்கிறது பெகி அக்கா?"

"வேற யாரு? உன் பொண்ணுதான்."

ரோவீனாவின் கையிலிருந்த அடுப்புத் துணி கீழே விழுந்தது.

"திர்சாவா? வேணாம் அக்கா. அவ சின்னப் பொண்ணு. உங்க ஜோயல் இருக்கானே..."

"ஜோயல் படிச்சா பிக்கெட் தூங்கிருவாரு. போன மாசம் என் களஞ்சியத்துல உன் பொண்ணு அவ்வளவு நீளத்தை ஒரு மூச்சுல ஒப்பிச்சாளே, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இப்படி ஒரு பிள்ளையை வெச்சுக்கிட்டு ஏன் ஒளிச்சு ஒளிச்சு வெக்கிற?"

"ஒளிச்சு வெக்கல அக்கா."

"அப்ப சரி. ரெண்டு பக்கம்தான், ஜோயல்கிட்ட குடுத்தனுப்புறேன். தலையை நல்லா வாரி விடு." வைத்துவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், சம்மதத்துக்கெல்லாம் காத்திருப்பதில்லை.

ரோவீனா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் அழுதுவிடலாம் போலிருந்தது.

எப்படி இங்கே வந்து நின்றாள் என்று கேட்டால், ஒரு நாளில் வரவில்லை. பிள்ளை தயாரானால் தானாக வாசிக்கும், அவசரப்படுத்தாதே என்பது சங்கத்துப் பெண்கள் எல்லாருடைய நம்பிக்கை. பெகியின் மூத்தவன் ஒன்பது வயது வரை ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை. பிறகு நூலகத்தையே விழுங்கிவிட்டான். ரோவீனாவும் காத்திருந்தாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெகியின் களஞ்சியத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள், எந்தப் பிள்ளையையும் யாரும் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள். திர்சா காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள், ஒரு கமா பிசகாது. அதைக் கேட்கக் கேட்க, இவ்வளவு கெட்டிக்காரிக்கு எழுத்து வராமலா போய்விடும் என்று தாய் மனசு குளிர்ந்துபோனது. ஏழு வயது போனது, எட்டு போனது, ஒன்பதும் போனது. பத்தில் பயம் பிடித்தபோது அவள் சங்கிலியின் தலைவி. வெளியாள் ஒவ்வொருவரும் முதலில் கேட்கிற கேள்வியே, "உங்க பிள்ளைங்களுக்கு வாசிக்கவாவது தெரியுமா?" என்பதுதான். "எங்க பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் உங்க பிள்ளைங்களைவிட நல்லா வாசிக்கிறாங்க" என்று வானொலியில் சொன்ன அதே வாயால், என் மகளுக்கு வராது என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? ஒரே ஒரு பிள்ளை போதும், அதைக் காட்டி எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிடுவார்கள் என்று பயந்தாள். பயம் பொய்யில்லை, அதுதான் கொடுமை.

கார்லண்டுக்கு எப்படித் தெரியாமல் போனது? பண்ணை வீடுகளுக்கு கேஸ் தொட்டி நிரப்பும் லாரிக்காரன் அவன். விடிவதற்குள் போய் இருட்டின பிறகு வருவான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, "இன்னைக்கு என்ன படிச்சே கண்ணு?" என்பான். பகலெல்லாம் அம்மா வாசித்ததை மகள் ஒரு வரி விடாமல் சொல்வாள். அவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஜோயல் சைக்கிளில் வந்து இரண்டு தாள்களைக் கொடுத்துவிட்டு ஓடினான். ரோவீனா மகளைச் சமையலறை மேஜைக்குக் கூப்பிட்டாள்.

"நான் வாசிக்கிறேன். கேட்டுக்கோ."

ஒரு தரம் வாசித்தாள். இரண்டாவது தரம் வாசிக்கும்போதே திர்சாவின் உதடு கூடவே அசைந்தது. மூன்றாவது தரம் தேவைப்படவில்லை.

"வந்துருச்சும்மா. சொல்லட்டா?"

"சொல்லு. ஆனா தாளைக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்லு."

"எதுக்கு? அதான் மனசுல இருக்கே."

"லோயிஸ் வாசிக்கிறதா இருந்தது. அதனால நீயும் வாசிக்கிற மாதிரி இருக்கணும்." சொல்லும்போதே ரோவீனாவுக்கு முகம் சுட்டது. "கண்ணு தாள் மேல இருக்கட்டும். இடது பக்கத்திலேருந்து வலது பக்கம். ஒரு வரி முடிஞ்சா கொஞ்சம் கீழ. நடுவுல அப்பப்ப நிமிர்ந்து ஐயாவைப் பாரு."

திர்சா தாளைப் பிடித்துக்கொண்டு கண்ணை ஓட்டினாள். தலையும் கூடவே ஆடியது.

"தலையை ஆட்டாத. கண்ணு மட்டும்."

"இப்படியா?"

"கொஞ்சம் மெதுவா. ஆங், அப்படித்தான்."

"அடுத்த தாளை எப்ப எடுக்கணும்?"

ரோவீனா முதல் பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்தாள். "'எங்கள் அம்மாக்களை நம்புங்கள்'னு வருதுல்ல, அதைச் சொன்னதும் எடு."

"நம்புங்கள். தாள்." திர்சா விரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளை எடுத்துக் காட்டினாள். அந்த விரலைத் தொடுகிற வேலை யாரும் சொல்லித் தராதது. தேவாலயத்தில் போதகரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். "அம்மா, இதுல இருக்கிற எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். இது எம், இது டி. ஒண்ணு ஒண்ணா நிக்குது. சேர்த்தா ஓடிப்போயிருது."

"தெரியும்டா."

"ஓடிப்போறதைப் பிடிக்க முடியாதா?"

"பிடிக்கலாம். பொறுமையா இரு." இந்த இரண்டு வருஷத்தில் அவள் மகளுக்குச் சொன்ன ஒரே மருந்து அது. பேச்சை மாற்ற வேண்டி எழுந்துபோய் நீலக் கவுனை எடுத்து இஸ்திரி போட்டாள்.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பதினாலு வாழைப்பழ ரொட்டி மேஜை மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருத்தியும் தன்னுடையது மட்டும்தான் வாழைப்பழ ரொட்டியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். தலைமுறைக்கும் திங்கலாம் என்று ஆண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நாடீன் நின்றிருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், இந்தக் கூட்டத்துக்கு அவள் வந்ததே சிலருக்குப் பிடிக்கவில்லை. ரோவீனாவின் கையைப் பிடித்து, நிறுத்தியிருந்த தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"திர்சா அறிக்கை வாசிக்கிறாளாமே? என்ன கூத்து அண்ணி இது?"

"நாடீன், சத்தம் போடாத."

"சத்தம் போடுவேன். அந்தக் குழந்தையை நடுக் கூடத்துல நிறுத்தி வேஷம் போட வெக்கிறீங்க."

"நான் கேட்கல. பெகி அக்கா முடிவு பண்ணிட்டாங்க."

"முடியாதுன்னு ஒரு வார்த்தை. உங்க வாயில வராத வார்த்தையா அது? வாஷிங்டனுக்கே சொல்றீங்க, பெகிக்குச் சொல்ல முடியலையா?"

யாருக்காவது காது கேட்கிறதா என்று ரோவீனா கூடத்து வாசலை எட்டிப் பார்த்தாள்.

நாடீன் குரலைத் தாழ்த்தினாள். "ஸ்பிரிங்ஃபீல்டுல அந்தம்மா இருக்காங்கன்னு சொன்னேன்ல? இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே படிச்சவங்க. போன்ல பேசினேன். நம்ம பிள்ளை பேரைச் சொல்லல, பயப்படாதீங்க. எழுத்து ஓடிப்போகுதுங்குதேன்னு சொன்னதும், 'அது வியாதியுமில்ல, மக்குமில்ல, அதுக்குன்னு ஒரு வழி இருக்கு, சீக்கிரம் கூட்டிட்டு வாங்க'ன்னாங்க. வருஷம் போகப் போகக் கஷ்டமாம்."

"அவங்க கேக்கிறது நம்மால முடியாத காசு."

"அந்தக் காசைத்தானே அண்ணி இந்த மசோதா குடுக்குது? அதைத்தானே நீங்க இன்னைக்குக் கொல்லப் போறீங்க, அதுவும் அந்தப் பிள்ளை வாயாலயே?"

இதை ரோவீனா யோசிக்காமலில்லை. ராத்திரியெல்லாம் யோசித்தவள்தான். "என் ஒருத்திக்காக எல்லார் வீட்டையும் அடகு வெக்கச் சொல்றியா? நாளைக்கே வேற ஒருத்தன் அந்த நாற்காலிக்கு வருவான். இன்னதுதான் சொல்லிக்குடுக்கணும்பான், பைபிளை எடுத்து உள்ள வையும்பான். இதை நான் நிஜமாவே நம்புறேன் நாடீன். நடிக்கல."

"நீங்க நடிக்கல. பிள்ளைதான் நடிக்குது." நாடீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்குச் சாயங்காலம். ஞாபகம் வெச்சுக்கோங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

உள்ளே கைதட்டல் கேட்டது. பிக்கெட் வந்துவிட்டார்.

ஒல்லியான மனுஷர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், களைத்துப்போயிருந்தார். பெகி வரவேற்றுப் பேசினாள். பிறகு திர்சாவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

முன்வரிசையில் கார்லண்ட் உட்கார்ந்திருந்தான். இதற்காகவே அன்றைய வேலையை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு, இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ரோவீனா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். "உன் உழைப்பு ரோவீ" என்றான் காதோரமாக.

திர்சா தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

"மதிப்புக்குரிய ஐயா. என் பெயர் திர்சா ஸ்ட்ரவுட். எனக்குப் பதினோரு வயது. என் பள்ளிக்கூடம் எங்கள் சமையலறை..."

குரல் கணீரென்று கூடத்தின் கடைசி வரை போனது. கண் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போனது. தலை ஆடவில்லை. சொல்லிக்கொடுத்த இடத்தில் நிமிர்ந்து பிக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாள், திரும்பவும் குனிந்தாள். எங்கேயாவது தடுக்கி விழுந்து எல்லாம் இப்போதே முடிந்துபோனால்கூடத் தேவலை என்று ரோவீனாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நொடியே, கடவுளே விழுந்துவிடக் கூடாது என்று வேண்டினாள்.

"...நீங்கள் கொடுப்பது நல்ல மனதோடுதான் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்களை எண்ண வேண்டாம், எடைபோட வேண்டாம். எங்கள் அம்மாக்களை நம்புங்கள்."

விரலை நாக்கில் தொட்டாள். தாளை எடுத்தாள்.

கார்லண்டின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவன் துடைத்துக்கொள்ளவுமில்லை. பின்னால் சுவரோரம் நாடீன் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

முடிந்தபோது கூடமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிக்கெட் எழுந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நல்ல பள்ளிக்கூடம், நல்ல காசு கட்டினேன். இந்தப் பாப்பா மாதிரி வாசிக்க ரெண்டுக்கும் வராது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "நான் உங்களுக்கு உதவி பண்றதாத்தான் நினைச்சேன். ரெண்டு வாரமா நீங்க போன்ல திட்டினப்பகூட, புரியாமத் திட்டுறாங்கன்னுதான் இருந்தேன். இப்பப் பார்த்தாச்சு. பின்தங்கின பிள்ளைங்களுக்குன்னு அதுல ஒரு பகுதி எழுதினேன். அப்படி ஒரு பிள்ளை இந்த ஊர்ல இருக்கிறதா எனக்குத் தெரியல. என் மசோதாவை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்."

அதற்குப் பிறகு அவர் பேசினது யாருக்கும் கேட்கவில்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டு வாரத் தூக்கம் கெட்டு, பிள்ளை அழுவதையும் பொருட்படுத்தாமல் போனை அழுத்தி அழுத்தி விரல் வலித்தவர்கள். அவர்கள் சந்தோஷம் நியாயமான சந்தோஷம். பெகி வந்து ரோவீனாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பார்த்தியா? ஒளிச்சு வெச்சியே!" என்றாள்.

ரோவீனா சிரித்தாள். அந்த நிமிஷத்தில் அவள் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிற, முகம்கூடத் தெரியாத அந்த அம்மாளை நினைத்துக்கொண்டிருந்தாள். இருந்த ஒரு கதவு அது. மகளைக் கொண்டே அடித்துச் சாத்தியாயிற்று.

பிக்கெட்டின் உதவியாளன் ஒருவன், டை கட்டின இளைஞன், கூட்டத்தில் புகுந்து வந்தான். "திர்சாவோட அம்மாவா? ஐயா ஒரு உதவி கேக்கிறார். புதன்கிழமை வாஷிங்டன்ல இந்த மசோதாவை விசாரிக்கிற எம்.பி.க்கள் குழுக் கூட்டம் இருக்கு. ஐயா வாபஸ் வாங்கினாலும், வேற ரெண்டு பேரு இதே மசோதாவைத் தங்க பேர்ல கொண்டுவரத் தயாரா இருக்காங்க. வீட்டுல படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு பேசுறவங்க. பாப்பா வந்தா அவங்க வாய் அடைஞ்சுரும்."

"அறிக்கையைச் சொல்லணுமா?" ரோவீனாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"அறிக்கை வேண்டாம், மனப்பாடம்பாங்க. அங்கேயே ஏதாவது ஒரு பக்கத்தை அவங்க கையாலேயே எடுத்துக் குடுக்கச் சொல்லிருவோம். பாப்பா கடகடன்னு வாசிக்கட்டும், அப்புறம் பேசட்டும் பார்ப்போம்!"

"இல்லீங்க, அவ்வளவு தூரம்... குழந்தைக்குப் பயணம் ஒத்துக்காது..."

"வர்றோம்" என்றான் கார்லண்ட். "என் பொண்ணு வர்றா. லாரியை வித்தாவது கூட்டிட்டு வர்றேன்." இளைஞனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

வெளியே நாடீன் தன் காரில் ஏறிக்கொண்டிருந்தாள். ரோவீனா ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாத்தனாரிடம் கெஞ்சினாள்.

"நாடீன், நீ சொல்லு. நாளைக்கு வரைக்கும் வேணாம், இப்பவே உள்ள வந்து உங்க அண்ணன்கிட்ட சொல்லிரு. எனக்கு வாய் வரல."

நாடீன் கூடத்து வாசலைப் பார்த்தாள். அங்கே கார்லண்ட் மகளைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வயதுப் பிள்ளையைத் தூக்குகிறோமே என்ற வெட்கம்கூட இல்லாமல், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணன் பத்தாவது தாண்டலை அண்ணி. அதை வெச்சு எங்க அப்பா எத்தனை பேருக்கு முன்னால அவனைக் கேவலப்படுத்தினாருன்னு உங்களுக்குத் தெரியாது. இப்படி நெஞ்சை நிமிர்த்தி அவன் நின்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." மூக்கை உறிஞ்சினாள். "வீராப்பாப் பேசிட்டேன். என்னால முடியல. என்னை விட்டுருங்க."

கார் கிளம்பிப் போய்விட்டது. ரோவீனா சரளைக்கல்லில் நின்றுகொண்டிருந்தாள். தன்னை மிரட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்கிற தைரியமும் போயிற்று.

வீட்டுக்குத் திரும்பும்போது கார்லண்ட் சீட்டியடித்துக்கொண்டே பிக்கப் வண்டியை ஓட்டினான். நடுவில் திர்சா, ஓரத்தில் ரோவீனா. மிச்சமான மூன்று ரொட்டி ரோவீனாவின் மடியில் இருந்தது.

"வாஷிங்டனுக்குப் புது ஷூ வாங்கணும் உனக்கு" என்றான் கார்லண்ட். "கறுப்பா, சிவப்பா?"

"சிவப்பு" என்றாள் திர்சா. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நாம ஜெயிச்சுட்டோம்ல?"

"ஆமாடா."

"மசோதா போயிருச்சுல்ல?"

"ம்."

"அப்ப இனிமே யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லதானே? எனக்கு வாசிக்கச் சொல்லித் தருவியா?"

சீட்டி நின்றது.

கார்லண்ட் வண்டியை ஓரங்கட்டினான். மக்காச்சோளக் கொல்லையை ஒட்டி வண்டி நின்றது. "என்னம்மா கேட்டே?" என்றான். கோபமில்லாமல், சரியாகக் காதில் விழாதவன் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

திர்சா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ரோவீனாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதைவிட நல்ல நேரம் வராது. மூன்று பேர்தான் இருக்கிறோம். இவன் அடிக்கிறவன் இல்லை, ஆத்திரப்பட்டுக் கத்துவான், அப்புறம் அழுவான், அப்புறம் லாரியை விற்றாவது பிள்ளையை ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். அவளுக்கு வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

அதற்குள் திர்சா அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டாள். கூடத்தில் பிக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

"லத்தீன்ப்பா. லோயிஸ் லத்தீன் வாசிக்கிறா. எனக்கும் சொல்லித் தருவியான்னு கேட்டேன். அம்மாவுக்கு இத்தனை நாளா போன் பேசவே நேரம் சரியா இருந்துச்சு."

கார்லண்ட் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு ஸ்டீரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "கேட்டியா ரோவீ? லத்தீன் வேணுமாம் கழுதைக்கு! எங்கப்பன் இருந்திருந்தா இதைக் கேக்கணும்." வண்டியைத் திரும்பவும் சாலையில் ஏற்றினான். சீட்டி மறுபடி ஆரம்பித்தது.

இந்த வரியை அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரோவீனா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அடக்கப் பார்த்தும் தோள் குலுங்கியது.

"அட, சந்தோஷமான நாள்ல எதுக்குடி அழற?" என்றான் கார்லண்ட்.

திர்சா அம்மாவின் தோளில் சாய்ந்தாள். ரொட்டிகளுக்கு மேலே கையை நீட்டி, தைரியம் சொல்கிறவளைப்போல அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு காதோடு காதாகச் சொன்னாள்.

"அழாதம்மா. அப்பா நம்பிட்டாரு."